22 நாளாக அலையில்லை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் சொன்னால் நீ நம்பப் போவதில்லை, அதனால் சொல்லவில்லை. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல். இங்கே எல்லோரும் சுகம். வாத்தியார் அப்படியேதான் இருக்கிறார். நீ கேட்பாய் என்று தெரியும்: ஆமாம், அதே தொப்பிதான்.

இப்போது உட்கார்ந்து எழுதுவது உன் கடிதத்தின் கடைசி இரண்டு வரிக்காக. "கடல் குளம் மாதிரி கிடக்குதாமே, இந்த நேரத்திலேயே பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், பயமில்லாமல் அலைச்சறுக்குப் பழகிக்கொள்வாள்" என்று எழுதியிருந்தாய். முதல் தடவை படித்தபோது நானும் சரி என்றுதான் நினைத்தேன். போன செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்த இரண்டு வரியும் என்னைத் தூங்க விடவில்லை. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் என் ஆற்றாமையைக் கொஞ்சம் கொட்டிக்கொள்கிறேன், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

22 நாள்! இத்தனை வருஷத்தில் இவ்வளவு நீளமாகக் கடல் படுத்து நான் பார்த்ததில்லை. விடிகாலையில் போய் நின்றால் தண்ணீர் கண்ணாடி. கணுக்கால் உயரத்துக்கு ஒரு மடிப்பு வரும், கரையில் வந்து சளப்பென்று விழும், அவ்வளவுதான். பத்து மணிக்கு மேல் தரை சூடேறிக் காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று புகுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கண்ணாடியும் இல்லை, அலையும் இல்லை, வெறும் சிலுசிலுப்பு. நெட்டையன் தன் ஷார்ட்போர்டை, அந்தக் குட்டைச் சறுக்குப் பலகையை, உறையில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுச் சைக்கிள் ஓட்டப் போய்விட்டான். அவனுக்கு எப்போதுமே பொறுமை கிடையாது. அந்த மழை நாளில் நம்மை விட்டுவிட்டு பஸ் ஏறினவன்தானே!

காரணம் நமக்குத் தெரியாததில்லை. பெரிய அலை வேண்டுமென்றால் எங்கோ நடுக்கடலில் பலமான காற்று, பல மணி நேரம், பல நூறு கிலோமீட்டர் பரப்பில் ஒரே திசையில் அடிக்க வேண்டும். கோடையில் நம் அரைக்கோளத்துப் புயல்கள் துருவத்துப் பக்கம் ஒதுங்கி இளைத்துப் போகின்றன. ஹவாயில் ஓஹூ தீவின் வடகரையைப் பார், குளிர்காலத்தில் வைமியா விரிகுடாவில் வீட்டு உயரத்துக்கு அலை எழும். அங்கே உயிர்காப்பாளராக இருந்த எடி ஐக்காவின் நினைவுப் போட்டியை, முன்பக்கம் 40 அடி உயரம் எழும்புகிற அலை வந்தால்தான் நடத்துவார்கள், வராத வருஷம் போட்டியே கிடையாது. 2023-ல் அதை ஜெயித்த லூக் ஷெப்பர்ட்சன் அன்றைக்கு அதே கரையில் உயிர்காப்பாளர் பணியில் இருந்தவர். வேலைக்கு நடுவே இறங்கி அலை பிடித்துவிட்டு மறுபடி காவலுக்குப் போனார். அதே வைமியா கோடையில் குளம். குழந்தைகள் முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்க்கிறார்கள்.

2021 ஜூலை ஞாபகம் இருக்கிறதா? டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் முறையாக அலைச்சறுக்கு, சுரிகசாகி கடற்கரையில். அலையே இருக்காது என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். நீயும்தான், போனில் புலம்பித் தள்ளினாய். கடைசியில் நேபர்தக் புயல் வந்து போட்டியைக் காப்பாற்றியது. இறுதிச் சுற்றின் ஆரம்பத்திலேயே பிரேசில் வீரர் இட்டாலோ ஃபெரேராவின் பலகை ஒடிந்தபோது நீ போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வேறு பலகையோடு வந்து தங்கம் வாங்கினார். அந்த மாதிரி ஒரு புயல் எங்கேயாவது கிளம்பாதா என்று நானும் 22 நாளாக வானிலைப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆனால் வீட்டில் சும்மா இருக்கவில்லை. ஒன்பதடி லாங்போர்டை எடுத்துக்கொண்டு தினமும் துடுப்பிட்டேன். அலையில்லாத கடலில் கிடைக்கிற ஒன்று அலை இருக்கும்போது கிடைக்காது: அடி தெரியும். பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாம் வருஷக்கணக்காக விழுந்து எழுந்த இடமெல்லாம் வரைபடம் மாதிரி விரிகிறது. இத்தனை நாள் சின்னச் சின்ன அலை மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் தள்ளியிருக்கிறது. கரை அகன்றுவிட்டது. நாம் துண்டு காயப்போடும் அந்தக் கட்டைக்கும் தண்ணீருக்கும் நடுவே இப்போது பத்தடி கூடுதலாக நடக்க வேண்டும். உள்ளே இருந்த மணல் திட்டு தேய்ந்து, தெற்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அந்தத் திட்டுக்கும் பாறைக்கும் நடுவே ஒரு பள்ளம். அதன் தரையில் மணல் பொடியாக இல்லை. நொறுங்கிய கிளிஞ்சல், பரல், அதில் கையகல வரிகள். நாலு பக்கமும் மென்மையாக இருக்கும்போது அங்கே மட்டும் தரை முரட்டுத்தனமாக இருக்கிறதே என்று பார்த்தேன். நீர் ஓடி ஓடி அரித்த தடம் அது. கடல் தூங்கினாலும் வாய்க்கால் தூர்ந்து போகவில்லை.

பார்த்தேன், அழகாக இருக்கிறது என்று நினைத்தேன், திரும்பி வந்தேன். அதுதான் என்னை உறுத்துகிறது.

செவ்வாய்க்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குப் போனில் முன்னறிவிப்பைப் பார்த்தேன். 0.4 மீட்டர், 18 விநாடி. முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தேன். வாத்தியார் நமக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்தது என்ன? உயரத்தைப் பார்க்காதே, விநாடியைப் பார். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே 18 விநாடி என்றால், நடுக்கடலில் அந்த இரண்டு முகட்டுக்கும் இடையே அரை கிலோமீட்டர். அதில் பாதி ஆழத்துக்கு, அதாவது 250 மீட்டருக்கு, அது அடியைத் தொட்டுக்கொண்டு வரும். நம் ஊர்க்காற்று எழுப்புகிற 5 விநாடி அலை 20 மீட்டர் ஆழத்தில்தான் அடியை உணரும். 0.4 மீட்டர் இரண்டுமே. ஒன்று கரையில் சளப்பென்று விழும். மற்றது ஆழம் குறையக் குறைய இரண்டு மடங்குக்கு மேல் நிமிர்ந்துகொண்டு வரும். இவ்வளவும் தெரிந்தவன்தான் போனைக் கீழே வைத்தேன்.

ஏழரை மணி இருக்கும். நான் பலகையில் உட்கார்ந்திருந்தேன். கரையில் ஒரு குடும்பம், கூட ஒரு பையன், பத்து வயது சொல்லலாம். அப்பா கரையோரம் நின்றார். பையன் இடுப்பளவு தண்ணீரில், சரியாக அந்தப் பள்ளத்தின் வாயில் நின்றான். ஏன் அங்கே என்றால் அங்கேதான் அந்தச் சின்ன அலைகூட உடையவில்லை. பார்க்கிற யாருக்கும் அதுதான் பத்திரமான இடமாகத் தெரியும். இருபது நிமிஷம் ஒன்றுமே இல்லை. அப்புறம் தூரத்தில் ஒரு கோடு கறுத்தது. மூன்று அலை, நெஞ்சளவு, சத்தமே இல்லாமல் வந்தன. முதல் அலை பையனைத் தடுமாற வைத்தது. இரண்டாவது உட்கார வைத்தது. திட்டுக்கு இந்தப் பக்கம் ஏறிக் குவிந்த தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக ஒரே வழி அந்த வாய்க்கால். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் பாறையைத் தாண்டிவிட்டான்.

கரையைப் பார்த்து நீந்துகிறான், நண்பா. கை இரண்டும் அடித்துக்கொள்கிறது, தலை பின்னாலேயே போகிறது. அந்த இழுவைக்கு எதிராக யார் நீந்த முடியும்? பலமான இழுவை விநாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல்கூட ஓடும், ஒலிம்பிக் வீரனின் வேகமே அவ்வளவுதான். அப்பா சட்டையோடு இறங்கப் போனார். "இறங்காதீங்க, கரையிலேயே நில்லுங்க" என்று என்னால் முடிந்தவரை கத்தினேன். காப்பாற்றப் போனவர்கள் மிதவை இல்லாமல் போய்த் தாங்களே முழுகின கதை நமக்குத் தெரியும். நான் இழுவையோடு சேர்ந்து துடுப்பிட்டேன், அதுவே என்னைச் சீக்கிரம் கொண்டு சேர்த்தது. பலகையை அவன் நெஞ்சுக்குக் கீழே தள்ளி, "பிடிச்சுக்கோ, நீந்தாதே, மூச்சு விடு" என்றேன். பிறகு கரையைப் பார்க்காமல் பக்கவாட்டில் திட்டுப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனேன். நாற்பது கை இருக்கும். அங்கே நுரை உடைந்துகொண்டிருந்தது, அதுவே எங்களைக் கரையில் கொண்டுபோய்த் தள்ளியது.

மணலில் உட்கார்ந்து இருமிவிட்டு அவன் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "அங்கிள், கடல் சும்மாதானே இருந்துச்சு?"

கால் வழுக்காமல் இருக்க என் பலகையில் பூசியிருக்கும் மெழுகில் அவன் விரல் பத்தும் பதிந்திருக்கின்றன. நகம் கீறின தடம்கூடத் தெரிகிறது. இன்னும் அதைத் துடைக்க மனசு வரவில்லை.

அன்று இரவு தூக்கம் இல்லாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். புதன் மாலை நாலு மணிக்கு எண் 14 விநாடிக்கு இறங்கியதும் கணக்கு முடிந்தது. நீள அலை வேகமாக ஓடும், குட்டை அலை பின்தங்கும். 18 விநாடிக் கூட்டம் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும், 14 விநாடிக் கூட்டம் 39-ல். செவ்வாய் காலை ஆறுக்கும் புதன் மாலை நாலுக்கும் 34 மணி நேர வித்தியாசம். அப்படியானால் புறப்பட்ட இடம் 6,000 கிலோமீட்டருக்கு அப்பால். புறப்பட்டது அதற்கு முந்தின வியாழக்கிழமை காலை. அங்கே குளிர்காலம், நிலநடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு புயல். நான் அலையில்லை என்று புலம்பிக்கொண்டு பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த அதே வியாழக்கிழமை, அந்தப் பையனை இழுக்கப் போகிற அலை கிளம்பிவிட்டது.

கடலியல் விஞ்ஞானி வால்டர் மங்க் இந்தக் கணக்கை முழுசாகச் செய்து காட்டினவர். 1963-ல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை பசிபிக்கின் குறுக்கே கருவிகளை வைத்து, அண்டார்டிகாப் பக்கத்துப் புயலின் அலையை வழி முழுக்கத் துரத்தினார். புயலை விட்டுக் கொஞ்ச தூரம் தள்ளி வந்துவிட்டால் அந்த நீள அலை வழியில் சக்தியை அநேகமாக இழப்பதே இல்லை என்று கண்டார். 101 வயது வரை வாழ்ந்த மனுஷர். முன்பு நான் இதை உனக்கு ஆசை ஆசையாகச் சொன்னபோது நீ கொட்டாவி விட்டாய். இப்போது கொட்டாவி விடாதே.

பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. வர வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கடல் கிடைக்காது. ஆனால் நான் சொல்கிறபடி. இறங்குவதற்கு முன் அரைமணி நேரம் அவளும் நாமும் கரையில் உட்கார்ந்து வெறுமனே பார்க்க வேண்டும், அவள் எவ்வளவு சிணுங்கினாலும். நுரை உடைகிற இடம் எது, உடையாமல் கறுப்பாக இருக்கிற இடம் எது என்று அவளே விரல் நீட்டிக் காட்டட்டும். உயிர்காப்பாளர் இருக்கிற பகுதியில்தான் இறங்குவோம். முதல் நாள் பலகையே வேண்டாம், மல்லாந்து மிதக்கப் பழகட்டும். இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் மிதந்து, கையைத் தூக்கிக் கூப்பிட்டு, பிறகு பக்கவாட்டில் போக வேண்டும் என்பது அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். கரை இப்போது செங்குத்தாக இருக்கிறது, அலை நேராக மணலில் குத்துகிறது. தலைகுப்புறப் பாய்வது கூடவே கூடாது, கழுத்துக்கு ஆபத்து. இரண்டாம் நாள் இடுப்பளவு நுரையில் ஃபோம் போர்டு, அந்த மெத்தென்ற பலகை. பலகை எப்போதும் அவளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அலைக்கும் அவளுக்கும் நடுவில் வரக் கூடாது. விழுந்தால் தட்டையாக விழுந்து, கையால் தலையை மூடிக்கொண்டு எழ வேண்டும். எழுந்து நிற்பதெல்லாம் தானாக வரும். உனக்கே வந்ததே!

இன்னொன்று, நீ கோபித்துக்கொண்டாலும் சரி. நீ அந்த இரண்டு நாளும் போனைப் பையில் போட்டுவிட வேண்டும். படம் எடுக்க வேண்டாம். அவள் தண்ணீரில் இருக்கும் வரை உன் கண் அவள் மேல் மட்டும் இருக்கட்டும்.

வாத்தியாரிடம் சொன்னேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு தானும் வருவதாகச் சொன்னார். பாப்பாவுக்குத் தானே சொல்லிக் கொடுப்பாராம். அவர் யாருக்கும் சொல்லிக் கொடுத்து ஆறு வருஷம் ஆகிறது, தெரியுமல்லவா?

வருகிற வாரம் முழுக்க 6, 7 விநாடிதான் காட்டுகிறது, உயரம் முழங்கால். சனிக்கிழமை விடிகாலை சரியாக இருக்கும். இந்த முறை இரண்டு எண்ணையும் தினமும் படித்து உனக்கு அனுப்புகிறேன், விநாடி ஏறினால் வண்டியைத் திருப்பிவிடு. பாப்பாவின் உயரமும் எடையும் எழுது, அதற்கேற்ற பலகை வாங்கி வைக்க வேண்டும். பழைய எட்டடி ஃபோம் போர்டு அவளுக்குப் பெரிதாக இருக்குமென்று நினைக்கிறேன், அவள் கை இரண்டு ஓரத்தையும் பிடிக்க எட்ட வேண்டும்.

உன்,
பழைய பலகைக் கூட்டாளி