மாப்ளே, அந்த ஜெனரேட்டரை வாங்கிவிடாதே

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. ரிட்டையர் ஆன கையோடு, பிக்கப் வண்டியில் கட்டி இழுக்கிற ஃபிஃப்த் வீல் வீட்டு வண்டி வாங்கிவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். ஃபீனிக்ஸில் நாங்கள் சௌக்கியம். சின்னவளுக்குப் போர்ட்லாந்தில் வேலை கிடைத்துவிட்டது. வீடு வெறிச்சென்று இருக்கிறது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காரணத்தோடுதான் கேட்கிறேன்.

தள்ளுபடியில் வருகிற 9500 வாட் ஜெனரேட்டரை வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். சுற்றிலும் மூடி இல்லாமல், வெறும் இரும்புச் சட்டத்துக்குள் வரும் அந்த வகை கட்டட வேலைக்குச் சரி. விளக்கு ஒன்று எரிந்தாலும் ஏசி ஓடினாலும் 3600 ஆர்பிஎம்மிலேயே அலறும். தேசியப் பூங்காக்களில் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று விதி உண்டு. அந்த வகை பெரும்பாலும் தாண்டிவிடும். விதி இல்லாத இடத்திலும் பக்கத்துக் கூடாரத்தில் இருப்பவர் அமைதிக்காகத்தானே அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்?

வண்டியில் 50 ஆம்ப் பிளக் இருப்பதால் பெரிய எண்ணாகத் தேடுகிறாய் என்று புரிகிறது. 120 வோல்ட்டில் இரண்டு லைன், ஒவ்வொன்றும் 50 ஆம்ப், மொத்தம் 12,000 வாட். அது வண்டி தாங்கும் உச்சம். நீங்கள் இரண்டு பேர் காட்டில் தங்க அவ்வளவு வேண்டியதே இல்லை. உன் ஃப்ரிட்ஜும் வாட்டர் ஹீட்டரும் புரொப்பேன் கேஸில் ஓடுகின்றன. தங்கச்சி இட்லிக்கு மாவு அரைக்கிற சின்ன கிரைண்டர் 200 வாட்டுக்குள் முடிந்துவிடும். உண்மையில் இழுப்பது ஏசிதான். 13,500 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி ஓடும்போது சுமார் 1500 வாட் கேட்கும். கம்ப்ரஸர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த ஒரு நொடிக்காகத்தான் எல்லோரும் பெரிய மெஷின் வாங்குகிறார்கள். கம்ப்ரஸரை மெல்லக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஒன்றை ஏசிக்குள் மாட்டிவிட்டால் அந்த இழுப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். முதலில் அதற்குச் செலவு செய்.

அப்புறம் 2200 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் (தேவைக்கேற்ப எஞ்சின் வேகம் கூடிக் குறையும் வகை) இரண்டு வாங்கி, பேரலல் கேபிளால் இணைத்துக்கொள். ஹோண்டாவின் EU2200i மாடல் தொடர்ந்து தருவது 1800 வாட். இரண்டும் சேர்ந்தால் 3600, அதாவது 30 ஆம்ப். ஒரு ஏசி, பேட்டரி சார்ஜ், டிவி எல்லாம் ஓடும். மைக்ரோவேவ் போடும்போது மட்டும் ஏசியை நிறுத்திக்கொள். ஒவ்வொன்றும் 50 பவுண்டுக்குள்தான், உன் முழங்காலுக்கு அதுதான் முக்கியம். ஒரே மெஷினாக 7000 வாட் இன்வெர்ட்டரும் இருக்கிறது. அருமையான மெஷின்தான், ஆனால் எடை 250 பவுண்டுக்கு மேல். இறக்கி வைக்க ஆள் தேட வேண்டும். இரண்டாக வைத்திருந்தால் காலையில் பேட்டரி ஏற்ற ஒன்றை மட்டும் ஓட்டலாம். ஒன்று மக்கர் செய்தாலும் இன்னொன்று இருக்கும்.

உயரத்தையும் கணக்கில் வை. ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்றரை சதவீதம் என்று எஞ்சினின் பலம் குறையும். நீ வர ஆசைப்படுகிற ஃபிளாக்ஸ்டாஃப் ஏறக்குறைய 7000 அடி. அங்கே கால்வாசி போய்விடும். இரண்டும் சேர்ந்து 2700 வாட் தந்தால் அதிகம். ஆனால் அந்த உயரத்தில் கோடை இரவிலும் போர்வை வேண்டியிருக்கும், ஏசியை நீ தேடவே மாட்டாய். ஃபீனிக்ஸ் கோடைக்கு மட்டும் ஜெனரேட்டரை நம்பி வராதே. 110 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு ஏசி போதாது. மின் இணைப்பு தரும் பார்க்கில் இடம் பிடித்துக்கொள்.

இதைத் தங்கச்சியிடமும் படித்துக் காட்டு. பலர் ஜெனரேட்டரைப் பிக்கப்பின் பின்தட்டிலேயே வைத்து ஓட்டுகிறார்கள். ஃபிஃப்த் வீலில் படுக்கையறை எங்கே இருக்கிறது? பிக்கப்போடு வண்டியை இணைக்கும் ஹிட்சுக்கு நேர் மேலே, அந்தத் தட்டை ஒட்டியே. புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். கீழே இறக்கி, 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் வண்டிக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வை. வண்டியின் முன்னால் இருக்கும் ஜெனரேட்டர் அறைக்குள் போர்ட்டபிளை வைத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. உள்ளே இருக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே அழுத்திப் பார். தேதி முடிந்திருந்தால் புதிதாக மாற்று.

ஒரு சின்ன விஷயம். வண்டியில் சர்ஜ் பாதுகாப்புப் பெட்டி போட்டிருந்தால், ஜெனரேட்டரை இணைத்ததும் எர்த் சரியில்லை என்று காட்டி மின்சாரத்தை உள்ளே விடாமல் போகலாம். மெஷின் கெட்டுவிட்டதோ என்று பயப்படாதே. இந்த இன்வெர்ட்டர்களில் நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருக்காது. அந்த இரண்டையும் சேர்க்கவென்றே விற்கிற பாண்டிங் பிளக்கை ஜெனரேட்டரில் காலியாக இருக்கும் சாக்கெட்டில் செருகினால் சரியாகிவிடும்.

உன் ஏசியின் பெயர்ப் பலகையில் எல்ஆர்ஏ (கம்ப்ரஸர் கிளம்பும்போது இழுக்கும் ஆம்ப்) என்று ஓர் எண் இருக்கும். படம் பிடித்து அனுப்பு, எந்த சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன். ஜனவரியில் இங்கே அரிசோனாவில் இருக்கும் குவார்ட்ஸைட் பக்கம் வந்தால் நானும் இரண்டு நாள் வந்து தங்குகிறேன். என் பேரலல் கேபிளைக் கொண்டு வருகிறேன், அதுவரை நீ தனியாக வாங்க வேண்டாம்.

அன்புடன்,
உன் நண்பன்