கூலண்ட் கசிவைத் தேட ஓர் இரவு எதற்கு? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயில் தொடங்கும் முன்பே, "ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, ஆனால் கீழே ஒரு சொட்டுகூட இல்லை" என்ற முறையீட்டோடு பழைய வண்டிகள் நம் பட்டறைக்கு வரத் தொடங்கிவிட்டன. அவற்றை ஓர் இரவு எங்களிடம் நிறுத்திச் செல்லுமாறு நாங்கள் கேட்பது சிலருக்கு மனக்குறையாக இருப்பதை அறிவோம். ஒரு ஹோஸ் மாற்றும் வேலைக்கு இரண்டு நாள் எதற்கு என்று குடியாத்தத்திலிருந்து வரும் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார். கேள்வி நியாயமானது என்பதால், அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

எஞ்சினின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலண்ட், எஞ்சின் எரித்துத் தீர்க்கும் பொருள் அன்று. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. அது குறைகிறதென்றால் எங்கோ வெளியேறுகிறது என்றே பொருள். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைக்கிறது. பல வண்டிகளின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பது அந்த அழுத்தத்தின் அளவே. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், இந்த அழுத்தத்தில் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அழுத்தம் நிற்காது. வெளியே வரும் துளியோ சூடான இரும்பின் மேல் பட்டு, தரையைத் தொடுமுன் ஆவியாகிவிடும். பழைய மண்பானையின் வெளிப்புறத்தில் உப்புப் பூப்பதுபோல் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்த ஒரு கறைதான் எங்களுக்குக் கிடைக்கும் தடயம். ஆகவே வண்டியைக் கொண்டுவருமுன் தயவுசெய்து எஞ்சினைக் கழுவிவிடாதீர்கள். வண்டியைச் சுத்தமாகக் கொண்டுவர வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அந்தத் தடயத்தையே பலர் அழித்துவிடுகிறார்கள்.

இனி அந்த இரவைப் பற்றி. சென்ற மார்கழியில், ஏலகிரி மலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஒரு பழைய டீசல் வேன் வந்தது. வாரத்துக்கு அரை லிட்டர் குறைவதாக ஓட்டுநர் சொன்னார். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கும் வண்டி என்பதால், சூட்டில்தான் கசியும் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டு, எஞ்சின் சூடாக இருக்கும்போதே, உள்ளே அழுத்தம் நிற்கிறதா என்று முள்ளில் காட்டும் பிரஷர் டெஸ்டரை மாட்டிக் கையால் காற்றடித்துப் பார்த்தோம், ஏறிய முள் இறங்கவில்லை. மறுநாளும் அப்படியே. அடுத்து, எஞ்சினுக்குள் எரிபுகையும் கூலண்டும் கலக்காமல் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட்டின் மேல் சந்தேகம் திரும்பியது. எரிபுகை கலந்தால் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும் நீலத் திரவத்தை ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதித்தோம். நீலம் நீலமாகவே இருந்தது. அதற்குள் இரண்டு நாள் போய்விட்டது, ஓட்டுநரின் பொறுமையும்தான்.

மூன்றாம் நாள் விடியலில், இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த எஞ்சினைக் கிளப்பாமலே அதே டெஸ்டரை மாட்டினோம். பத்து நிமிடத்துக்குள் முள் இறங்கியது. எஞ்சினுக்குப் பின்புறம், கை நுழையாத இடத்தில், இரும்புக் குழாயையும் ஒரு சிறு ரப்பர் ஹோஸையும் இணைக்கும் கிளிப்பின் அடியில் ஈரம் தெரிந்தது. ரப்பர் கெட்டித்துப் போயிருந்தது. கிளிப் துருவேறித் தன் பிடியை இழந்திருந்தது. சூடேறும்போது குழாய் விரிந்து இடைவெளியை அடைத்துவிடும். ஆறியதும் சுருங்கி மறுபடி வழிவிடும். வழிந்ததோ கீழேயிருந்த குறுக்குச் சட்டத்தில் தேங்கி, வண்டி ஓடும்போது காய்ந்துபோயிருக்கிறது. ஹோஸுக்கும் கிளிப்புக்கும் ஆன செலவைவிட அதைத் தேடிய கூலியே அதிகம். எங்கள் கணிப்பு தவறியதால் போன இரண்டு நாளுக்கு நாங்கள் கூலி வாங்கவில்லை. சூட்டில் ஒருமுறை, ஆறிய பின் ஒருமுறை என இரு சோதனைகளையும் பார்க்காமல் பழைய வண்டியை அனுப்புவதில்லை என்று அதன்பின் முடிவு செய்துகொண்டோம்.

கசிவு ஒளியும் வேறு இடங்களும் உண்டு. முதலில் பார்ப்பது மூடியைத்தான். அதன் ரப்பர் தேய்ந்தாலே போதும், மற்ற யாவும் நன்றாக இருந்தும் கூலண்ட் குறையும். கூலண்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்பின் உள்சீல் தேய்ந்தால், அதன் அடியிலுள்ள சிறு துளை வழியாகக் கசியும். வேலூரில் ஹீட்டரை யார் போடுகிறார்கள் என்று கேட்கலாம். போடாவிட்டாலும் பல வண்டிகளில் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டருக்குள் கூலண்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முன் இருக்கையில் கால் வைக்கும் விரிப்பு காரணமில்லாமல் ஈரமாக இருந்தாலோ, வண்டிக்குள் இனிப்பு வாடை வந்தாலோ அதை மறக்காமல் சொல்லுங்கள். எஞ்சின் ஆயில் பால் விட்ட காபியின் நிறத்துக்கு மாறியிருந்தால், கூலண்ட் அதில் கலந்துவிட்டது என்று பொருள், அதன்பின் வண்டியைக் கிளப்பவே வேண்டாம்.

நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பு மிகுந்தது. அதை ஊற்ற ஊற்ற உள்ளே சுண்ணாம்பு படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைபடும், கூலண்டில் உள்ள துருத்தடுப்பு மருந்தும் நீர்த்துப்போகும். காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் சரிபாதி என்பதே பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும் அளவு. மலைப்பாதையில் நின்றுபோன ஓட்டுநர் கசிவை அடைக்க மஞ்சள் தூளைக் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றுவதைக் குறைசொல்ல மாட்டோம். ஆனால் அந்தத் தூள் ஓட்டையை மட்டும் தேடிப்பிடித்து அடைப்பதில்லை. ஊற்றியிருந்தால் எங்களிடம் சொல்லிவிடுங்கள்.

சூட்டு முள் ஏறினால் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். எஞ்சின் ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள். கீழே சிந்திய கூலண்ட் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். அது விஷம், குழந்தைகளுக்கும் எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு வரும் வண்டிகளை மாலை ஆறு மணிக்குள் விட்டுச் சென்றால், மறுநாள் காலை எஞ்சின் ஆறிய நிலையில் சோதித்து, கசிந்த இடத்தை உங்களுக்கு நேரில் காட்டிய பிறகே வேலையைத் தொடங்குவோம். இடம் அகப்படாவிட்டால் தேடிய கூலி வாங்குவதில்லை.

இப்படிக்கு,
பட்டறையார்,
சத்துவாச்சாரி, வேலூர்