நான் உழைத்தால் வெட்டு இல்லை, மனைவி உழைத்தால் வெட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசபிலிட்டிக் காசு எடுப்பவர்களில் பாதிப் பேருக்கு வேலை செய்ய மனமில்லை என்ற பொருளில் சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். கடைகளில் ஓடியாடித் திரிபவர்களையும் ஓடிஎஸ்பியில், அதாவது ஊனமுள்ளவர்களுக்கு மாகாண அரசு தரும் மாத உதவித்தொகையில், கண்டிருக்கிறாராம். கண்டிருப்பார். என்னையும்கூடக் கண்டிருக்கலாம். நானும் ஓடிஎஸ்பி எடுப்பவன்தான், கடைக்கும் போகிறவன்தான். வேலைக்கும் போகிறேன்.

கனடா வந்து கொஞ்சக் காலத்திலேயே என் சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டன. சிபிபி (கனடா ஓய்வூதியத் திட்டம்) கட்டிய ஆண்டுகள் போதாததால் மத்திய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடைக்கவில்லை. மிஞ்சியது ஒன்ராறியோ மாகாணத்தின் ஓடிஎஸ்பி. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலம் கதிரையில் இருக்க வேண்டும். முடித்துவிட்டு வந்தால் அன்றைக்கு மனுசன் எதற்கும் உதவான். டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக இரத்தக்குழாய்களை இணைத்துப் பிஸ்டுலா போட்ட கையால் பாரம் தூக்கக்கூடாது. எங்கள் ஆட்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் வெயர்ஹவுஸ், பாக்டரி வேலைகளின் கதவு அதோடு மூடியாயிற்று. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஒரு கணக்காளரின் அலுவலகத்தில் போன் எடுக்கிறேன், பைல் அடுக்குகிறேன். வரிக் காலத்தில் வேலை கூட.

தனி ஆளுக்கு ஓடிஎஸ்பி 2025 யூலையில் அதிகபட்சம் மாதம் 1,408 டொலர் ஆனது. ஸ்காபரோவில் அண்மையில் ஒரு பேஸ்மென்ட் வாடகைக்குத் தேடிய எவருக்கும் இந்தத் தொகையின் பெறுமதி தெரியும். இதை வாங்கிக்கொண்டு வீட்டில் சும்மா இருக்க ஆசைப்படும் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. பயந்துபோய் இருப்பவர்களைத்தான் சந்தித்திருக்கிறேன். டயாலிசிஸ் வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "தம்பி, வேலைக்குப் போனா காசை நிப்பாட்டிப் போடுவாங்கள் எல்லோ? மருந்தும் போயிடும் எல்லோ?"

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. முன்பு மாதம் 200 டொலர் வரைதான் வெட்டில்லாமல் உழைக்கலாம். அதற்கு மேல் உழைப்பதில் பாதியை ஓடிஎஸ்பியில் கழிப்பார்கள். 2023 பெப்ரவரியில் அந்த 200, ஒரேயடியாக 1,000 ஆனது. ஊனமுள்ளவர் மாதம் 1,000 டொலர் வரை கையில் எடுத்தாலும் ஓடிஎஸ்பியில் ஒரு சதம் குறையாது. கணக்கில் எடுப்பதும் வரி, சிபிபி, ஈஐ (வேலையிழப்புக் காப்புறுதி) எல்லாம் கழித்து வரும் காசைத்தான். 2025 ஒக்டோபரில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர் என்று பார்த்தால், கிழமைக்குப் பதின்மூன்று பதினான்கு மணித்தியாலம் பயமில்லாமல் வேலை செய்யலாம். ஓடிஎஸ்பியில் கொஞ்சமாவது வந்துகொண்டிருக்கும் வரை மருந்து, பல், கண் செலவுக்கான உதவியும் அப்படியே தொடரும். முற்றாக விட்டுவிட்டு முழுநேர வேலைக்குப் போனாலும், வேலை தரும் இடத்தில் மருத்துவக் காப்பு இல்லையென்றால் மருந்துச் செலவுக்கு இடைக்கால உதவி உண்டு. நாளைக்கு உடம்பு ஏலாமல் திரும்பி வந்தால், பெரும்பாலும் 'எனக்கு ஊனம் இருக்கிறது' என்று மறுபடி முதலிலிருந்து நிரூபிக்கத் தேவையில்லை. வருமானமும் சொத்தும் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பார்கள். விதி மாறி இவ்வளவு காலமாகியும் எங்கள் ஆட்களில் பலர் இன்னும் 200 டொலர் காலத்திலேயே இருக்கிறார்கள்.

எனக்கும் முதல் சம்பளம் வந்த மாதம் நெஞ்சு பக்குப்பக்கு என்றுதான் இருந்தது. சம்பளச் சிட்டையைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, மூலைகள் வெட்டுப்படாமல் போனில் படம் எடுத்து, ஓடிஎஸ்பிக்கு வருமானம் அறிவிக்கும் மைபெனிபிட்ஸ் இணையத்தளத்தில் ஏற்றினேன். ஏற்றியதற்கு ஆதாரமாகத் திரையையும் ஒரு படம் எடுத்து வைத்தேன். மனைவி சிரித்தாள். சரி, சிரிக்கட்டும். அடுத்த கொடுப்பனவு வந்தபோது கூற்றில் என் உழைப்பு ஒரு வரி, அதற்கு நேரே கழிவு பூச்சியம். அதைப் பார்த்த பிறகுதான் நித்திரை வந்தது. இன்றைக்கும் ஒவ்வொரு சிட்டையும் மாத ஒழுங்கில் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் கிடக்கிறது.

அறிவிக்காமல், கணக்கில் காட்டாத காஷ் வேலை செய்து உழைப்பதுதான் ஆபத்து. "காஷ் வேலை செய்யுங்கோ, ஒருத்தருக்கும் தெரியாது" என்று ஆலோசனை சொல்பவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். பிடிபட்டால் எடுத்த காசையெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டும், அது தெரிந்த கதை. பிடிபடாவிட்டாலும் நட்டம் உண்டு என்பதை ஒருவரும் யோசிப்பதில்லை. காஷ் வேலைக்கு சிபிபி கட்டுவதில்லை. கட்டாத ஆண்டு கணக்கில் சேராது. வேறு ஒரு வருத்தம் வந்து படுத்தாலும், 65 வயதில் ஓய்வூதியம் எடுக்கப் போனாலும், அந்த ஆண்டுகள் அங்கே இருக்காது. சாப்பாட்டுக்கடைச் சமையலறையில் கையைச் சுட்டுக்கொண்டால், முதலாளி முதலில் கேட்பது "நீங்கள் யார்?" என்றுதான்.

இனி, அந்த வாசகர் உண்மையிலேயே கோபப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். 1,000 டொலர் விதி ஊனமுள்ளவருக்கு மட்டும்தான். அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ ஊனம் இல்லையென்றால், அவருக்கு இன்னும் பழைய 200 டொலர்தான், மேலே உழைப்பதில் பாதி வெட்டு. எங்கள் வீட்டில் இதன் அர்த்தம் என்ன? நான் மாதம் 1,000 உழைத்தால் வெட்டு இல்லை. என் மனைவி அதே 1,000ஐ உழைத்தால் குடும்பத்தின் ஓடிஎஸ்பியில் 400 போய்விடும். சிறுநீரகம் இல்லாதவனைப் பார்த்து "நீ உழை" என்கிறது அரசாங்கம், இரண்டு கையும் நன்றாக இருப்பவளைப் பார்த்து "நீ யோசித்துப் போ" என்கிறது. முதியோர் இல்லச் சமையலறை ஒன்றில் மனைவிக்கு முழுநேர வேலை கேட்டார்கள். கையில் 2,000 வரும் வேலை. கணக்குப் போட்டோம். 900 வெட்டு, மிச்சம் 1,100. அதில் போய்வரும் செலவு. அவள் வேலையால் வருவதற்குள் மூன்று மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றுவது டயாலிசிஸ் நாளில் யார் என்பது வேறு. கடைசியில் பகுதிநேரமாகவே இருந்துவிட்டாள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது 'வேலை செய்ய மனமில்லை' என்றுதான் தெரியும்.

1,000க்கு மேல் 75 சதவீதம் வெட்டுவதும் எனக்கு ஏற்பில்லை. அந்த எல்லையைத் தாண்டி ஒரு மணித்தியாலம் கூடச் செய்தால், 17.60இல் கையில் நிற்பது 4.40 டொலருக்கும் குறைவு. ரொறன்ரோ நகரின் டிடிசி பஸ்ஸில் ஒருமுறை ஏறினால் அதில் பெரும்பங்கு போய்விடும். மாதம் 2,600க்கு மேல் உழைக்கக்கூடிய ஒருவருக்குப் பழைய விதியே திறமாக இருந்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், புரியும். ஆனால் அவ்வளவு உழைக்கக்கூடியவர்கள் எங்களில் சிலர்தான். மனைவி, கணவன் விதி அப்படியல்ல. அது குடும்பமாக இருக்கும் நிறையப் பேரைத் தொடுகிறது.

2025 யூலையில் மத்திய அரசு தொடங்கிய கனடா ஊனமுற்றோர் கொடுப்பனவையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். தொடங்கியபோது அதிகபட்சம் மாதம் 200 டொலர். ஒன்ராறியோ அதை ஓடிஎஸ்பியில் கழிப்பதில்லை. ஆனால் அதை எடுப்பதற்கு முதலில் ஊனமுற்றோர் வரிச்சலுகைக்கு மருத்துவர் படிவம் நிரப்பி, வருமானவரித் திணைக்களம் அங்கீகரிக்க வேண்டும். ஓடிஎஸ்பி இருந்தால் தானாக வரும் என்று காத்திருப்பவர்கள் காத்திருந்துகொண்டே இருப்பார்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அந்த வாசகரின் கருத்துக்கு இடம் கொடுத்தீர்கள், நல்லது. அதேபோல் இந்த விதிகளைத் தெரிந்த ஒரு சட்ட உதவி நிலையத்துப் பணியாளரிடம் பேசி, அரைப் பக்கம் எழுதி வாங்கிப் போடுங்கள். மரண அறிவித்தல் பக்கத்துக்குப் பக்கத்தில் போட்டால் எல்லோரும் வாசிப்பார்கள், பகிடிக்குச் சொல்லவில்லை. அப்புறம், எங்கள் சமூகத்திலிருந்து லோகன் கணபதியும் விஜய் தணிகாசலமும் ஆளும் கட்சியின் மாகாணசபை உறுப்பினர்களாக இருக்கிறார்கள். பொங்கல் விழா, கோயில் திருவிழா என்று வரும்போது உங்கள் நிருபர் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: ஊனமுள்ளவருக்கு 1,000 என்று மாற்றியபோது, அவரைப் பார்த்துக்கொள்ளும் துணைக்கு ஏன் 200லேயே விட்டீர்கள்? பதில் எதுவானாலும் அச்சில் போடுங்கள். என் மனைவிக்குக் கேட்ட அந்த முழுநேர வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை என்று கேள்வி.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகன்