8 எம்.எம். ரெமிங்டன் மேக்னம் வாங்க நினைக்கும் மகளுக்கு

கண்ணு,

நீ அனுப்பிய படங்களையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். ரெமிங்டன் 700, குழல் மேல் 8 எம்.எம். ரெம் மேக் என்று தெளிவாகவே இருக்கிறது, கட்டையில் கீறல்கூட அதிகமில்லை, கூட வேலை செய்கிறவர் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார், எல்க் என்கிற பெரிய மான் வேட்டைக்கு இதை வாங்கலாமா அப்பா என்று கேட்டிருக்கிறாய். வாங்கலாம். ஆனால் இந்த வருஷ வேட்டைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகாதே, மாப்பிள்ளையிடம் இருக்கிற .30-06 ரைபிள் போதும். பட்டாளத்தில் ஆர்மரராகத் துப்பாக்கியைக் கழற்றி மாட்டியே காலம் தள்ளினவனிடம் கேட்டுவிட்டாய், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

சக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்கிற இங்கிலாந்துக் கம்பெனி 1912-ல் செய்த .375 மேக்னத்தின் (மேக்னம் என்றால் மருந்து அதிகம் பிடிக்கிற தோட்டா) முழு நீளப் பித்தளைக் கூட்டை எடுத்து, வாயை 8 எம்.எம்.-க்கு ஒடுக்கி, 1978-ல் ரெமிங்டன் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 220 கிரெய்ன் எடையுள்ள குண்டு வினாடிக்கு 2,830 அடி வேகத்தில் போகும் என்பது கம்பெனிக் கணக்கு. .30-06-ல் 180 கிரெய்ன் குண்டு 2,700 அடி. எல்க்குக்கு, நீ வேட்டைக்குப் போகிற கொலராடோவின் சட்டம் கேட்பதோ குறைந்தது .24 விட்டம், 85 கிரெய்னுக்குக் குறையாத விரியும் குண்டு, நூறு கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல். இரண்டு துப்பாக்கியுமே அதை எங்கேயோ தாண்டிவிடும். முந்நூறு கிலோ ஆண் எல்க்காக இருந்தாலும் .30-06 குண்டு நெஞ்சில் இறங்கினால் விழும், எவ்வளவு பெரிய மேக்னமாக இருந்தாலும் வயிற்றில் பட்டால் ஓடும். ஓடிப்போய் எங்கோ ஒரு மறைவில் கிடந்து சாகும். எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அதுதான்.

அவ்வளவு நல்ல தோட்டா என்றால் ஏன் சந்தையில் விலைபோகவில்லை என்று கேட்பாய். வந்த நேரம் சரியில்லை. .338 வின்செஸ்டர் மேக்னம் 1958-லேயே வந்து இடம் பிடித்துவிட்டது, அதில் 250 கிரெய்ன் மாதிரி கனமான குண்டு போடலாம், .30-06 போகிற ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றி மூடுகிற பகுதி) நீளத்திலேயே அடங்கிவிடும். உதை கொஞ்சம் குறைவாக வேண்டும் என்றவர்கள் 1962-ல் வந்த 7 எம்.எம். ரெமிங்டன் மேக்னத்துக்கோ அடுத்த வருஷம் வந்த .300 வின்செஸ்டருக்கோ போய்விட்டார்கள். இதற்கு மட்டும் பெரிய நீள ஆக்‌ஷன் வேண்டும். அதோடு, 8 எம்.எம். குண்டு என்று கடையில் கேட்டால் பழைய ஜெர்மன் மவுசருக்குச் செய்த 150, 170 கிரெய்ன் குண்டைத்தான் பெரும்பாலும் நீட்டுவார்கள். அது மெதுவான வேகத்துக்குச் செய்தது. மேக்னம் வேகத்தில் எல்க்கின் தோள் எலும்பில் மோதினால் உள்ளே இறங்குவதற்கு முன்பே சிதறிவிடலாம். நோஸ்லர் பார்ட்டிஷன் 200 கிரெய்ன், ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம் என்று கெட்டியான குண்டுகள் இருக்கின்றன, அவற்றை மட்டும் வாங்கு.

அரிதான தோட்டாவின் கதி என்ன என்பதற்கு நம்ம பக்கத்துக் கதையே இருக்கிறது. ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் என்று இந்தக் காடுகளில் ஆட்கொல்லிப் புலி தேடித் திரிந்த கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது வின்செஸ்டர் 1895 மாடல், .405 தோட்டா. 1904-ல் வந்த தோட்டா அது, மேக்னம் இல்லை. தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்கம் சுட எடுத்துப்போனதும் அதைத்தான். அத்தனை பேர் இருந்தும் அந்த ரைபிள் தயாரிப்பு நின்றது, பின்னால் தோட்டாவும் நின்றது. ரைபிள் வைத்திருந்தவர்கள் காலிக் கூடு தேடி அலைந்தார்கள், பல வருஷம் கழித்துத்தான் மறுபடியும் தோட்டா செய்தார்கள். துப்பாக்கி நூறு வருஷம் உழைக்கும், தீனி போடுவதற்கு யாராவது இருக்க வேண்டுமே.

அதனால்தான் மாப்பிள்ளைக்கு இந்த ரைபிள் சரிவராது, உனக்குச் சரிவரும் என்கிறேன். அவருக்குக் கடையில் பெட்டியை எடுத்து, காசைக் கொடுத்து, நேரே மலைக்குப் போக வேண்டும். மீக்கர், கிரெய்க் மாதிரி ஊரில் இருக்கிற கடையில் .30-06 கிடைக்கும், .300 வின்செஸ்டர் கிடைக்கும், இதை எதிர்பார்த்துப் போனால் வெறுங்கையோடு திரும்புவாய். நீயோ சின்னப் பிள்ளையிலிருந்தே தராசு வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாய், சுட்ட கூட்டில் நாமே மருந்தும் குண்டும் போட்டுத் தோட்டா செய்கிற ரீலோடிங் உனக்குப் பிடித்துப்போகும்.

ரீலோடிங் என்று இறங்கினால் பெல்ட்டைப் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள். கூட்டின் அடியில் மோதிரம் மாதிரி ஒரு பட்டை இருக்கிறதல்லவா, .375-க்குத் தோள், அதாவது கூடு வாய்ப்பக்கம் ஒடுங்குகிற இடம், ரொம்பச் சரிவாக இருந்ததால் தோட்டா சேம்பருக்குள் (குழலில் தோட்டா உட்காரும் அறை) சரியான ஆழத்தில் நிற்பதற்கு வைத்தது அது. இந்த 8 எம்.எம்.-க்கு நல்ல எடுப்பான தோள் இருக்கிறது, பெல்ட் தேவையே இல்லை, பழக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. விஷயம் என்னவென்றால், பெல்ட்டில்தான் நிற்கிறது என்பதால் சேம்பரின் தோள் பக்கம் கொஞ்சம் இடம் விட்டே கடைவார்கள். சுட்டவுடன் பித்தளை அந்த இடத்துக்கு நீண்டுவிடும். நீ டையில் (கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) முழுக்க அழுத்தித் தோளைப் பழையபடி பின்னுக்குத் தள்ளினால் அடுத்த முறையும் நீளும். இப்படியே போனால் பெல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே சுவர் மெலிந்து, ஒருநாள் கூடு இரண்டாகப் பிரிந்து, முன்பாதி சேம்பருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால் டையைத் திருகும்போது தோள் மயிரிழைதான் பின்னுக்குப் போக வேண்டும், போல்ட் லேசாகப் பிடித்து மூட வேண்டும். ஒவ்வொரு முறையும் பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை வளைத்து, காலிக் கூட்டுக்குள் விட்டுச் சுவரோடு உரசிப் பார். பெல்ட்டுக்கு மேலே பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கூட்டை நசுக்கிக் குப்பையில் போடு. காசைப் பார்க்காதே. மருந்தின் அளவை எவர் சொன்னாலும் நம்பாதே, அச்சிட்ட கையேட்டில் இருப்பதை மட்டும் பார், அதிலும் குறைந்த அளவில் தொடங்கு.

பித்தளையே கிடைக்காவிட்டால் .375 கூட்டையோ .416 ரெமிங்டன் கூட்டையோ ஒடுக்கிச் செய்துகொள்ளலாம், எல்லாம் ஒரே குடும்பம்தான். ஆனால் அடியில் பழைய பெயர்தான் பொறித்திருக்கும், அதைத் தனிப் பெட்டியில் போட்டு மேலே எழுதிவை. உண்மையான .375 தோட்டாவோடு கலக்கவே கூடாது.

இப்போது உதை. .30-06-ஐவிட ஒன்றரை மடங்குக்குக் குறையாது. தோள் வலிப்பது பெரிதில்லை, ரெண்டு நாளில் போய்விடும். அடுத்த முறை ட்ரிகரை இழுக்கிற கணத்தில் கண் தானாக மூடிக்கொள்ளுமே, அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. ரெக்ரூட் பையன்களுக்குச் செய்வதுபோல மாப்பிள்ளையிடம் சொல்லி, உனக்குத் தெரியாமல் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத டம்மி ஒன்றைப் போடச் சொல். டம்மி வந்த நேரத்தில் குழல் ஆடினால் அன்றைக்கு அந்த ரைபிளை மூடி வைத்துவிட்டு .22-ஐ எடு. குழல் முனையில் மசில் பிரேக் (புகையைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் துளைக் குழாய்) போடலாம், உதை நன்றாகக் குறையும், ஆனால் காது போய்விடும், உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டு அடைப்பும் போட்டுக்கொள்.

இந்த வருஷம் .30-06 என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். அந்த மேக்னத்தோடு ஒரு கோடை முழுக்கப் பழகிவிட்டு அடுத்த வருஷம் எடுத்துப் போ. ஒன்பதாயிரம் அடி உயரத்தில் மூச்சிரைக்க ஏறி நின்று சுடும்போது, கை அறிந்த துப்பாக்கிதான் உதவும்.

இங்கே இந்தத் தலைவலியே இல்லை. லைசென்ஸ் ரைபிள் என்றால் பெரும்பாலும் .315, அதையும் பீரோவில் வைத்துப் பூஜை போட வேண்டியதுதான், 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் வேட்டை ஏது. இப்போது தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை வந்து கேழ்வரகை மேய்ந்தாலும் பட்டாசு கொளுத்திவிட்டு வனத்துறைக்குப் போன் போடுகிறோம். அம்மா வழக்கம்போல அந்த மான் உன் மகளுக்கு என்ன பாவம் செய்தது என்கிறாள். கறியை வீணாக்கினால் அங்கே குற்றம், முழுக்கக் கொண்டுவந்து சாப்பிடுவார்கள் என்று சொன்னேன், கொஞ்சம் சமாதானமானாள். படம் எடுத்தால் எனக்கு மட்டும் அனுப்பு. குடும்ப வாட்ஸப்பில் போட்டால் உன் சின்ன மாமா ஊருக்கே தள்ளிவிடுவார், அப்புறம் எல்லோருக்கும் விளக்கம் சொல்வது என் வேலையாகிவிடும்.

விலை பேசும் முன் விற்கிறவரிடம் டை செட்டும் காலிக் கூடுகளும் சேர்த்துத் தருவாரா என்று கேள், அவை இல்லாமல் ரைபிள் மட்டும் என்றால் விலையை இன்னும் இறக்கு. அவர் சுட்ட கூடு ஒன்றை வாங்கி, பெல்ட்டுக்கு மேலே பளபளவென்று வளையம் தெரிகிறதா பார். நல்ல கன்ஸ்மித் ஒருவரிடம் கொடுத்து, போர்ஸ்கோப் (குழலுக்குள் பார்க்கும் கருவி) விட்டு, சேம்பருக்கு முன்னால் குழல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல், தோட்டா சேம்பரில் நிற்கும் ஆழத்தை அளக்க ஹெட்ஸ்பேஸ் கேஜும் போடச் சொல். அந்தப் படங்களை அனுப்பு, நான் பார்த்துச் சொல்லும்வரை முன்பணம் கொடுக்காதே.

அப்பா
ராயக்கோட்டை