‘வசந்தச் சடங்கு’ பதிவு உயிரற்றதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் கலைப் பக்கத்தில், ரஷ்ய இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ என்னும் பாலே நடன இசையை, பிரெஞ்சுக்காரரான பியர் பூலேஸின் நெறியாள்கையில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து பல்லியக் குழுவினர் (ஓர்கெஸ்ட்ரா) இசைத்த 1969ஆம் ஆண்டுப் பதிவு பற்றிய மதிப்புரையைப் படித்தேன். இத்தகைய இசையைப் பற்றித் தமிழில் எழுதுவோர் அரிது என்பதால் எழுதியவருக்கு முதலில் என் நன்றி. ஆயினும், அப்பதிவு உயிரற்றது, கணக்குப் பார்த்து வாசித்தது என்ற அவரது முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

1913 மே 29 அன்று பரிஸ் அரங்கில் இப்படைப்பு முதன்முதலாக மேடையேறியபோது பார்வையாளரிடையே எழுந்த கூச்சலை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். அதே கூச்சலைப் பதிவிலும் தேடிவிட்டார் போலும். இவ்விசை முரட்டுத்தனமாகத் தோன்றுவது அதன் உரப்பினால் மட்டுமன்று. முதற்பாகத்தில், அறிமுகம் முடிந்ததும் தந்திக் கருவிகள் ஒரே சுரக்கூட்டை (சேர்ந்தொலிக்கும் பல சுரங்களை) விடாமல் இடித்துக்கொண்டிருக்க, ஹோர்ன் எனப்படும் பித்தளை ஊதுகருவிகள் எட்டும் எதிர்பாராத இடங்களில் குறுக்கிட்டு அழுத்தம் கொடுக்கின்றன. இடி சீராக இருந்தால்தான் அழுத்தம் இடம் மாறி விழுவது காதுக்குப் புலப்படும். பூலேஸ் காக்கும் அந்தச் சீரையே மதிப்புரையாளர் குறையாகக் காண்கிறார். வடமோடிக் கூத்துக் களரியில், கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் மத்தளம் தளர்ந்தால் ஆடுபவரின் கால் என்னவாகும் என்பதை நம் பகுதியில் விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் பாகத்தில், பலிக்குத் தெரிவான பெண்ணைப் போற்றும் ஆட்டத்துக்குச் சற்று முன்னர், தந்திகளும் டிம்பனி என்னும் கிண்ண முரசுகளும் பெருமுரசும் ஒன்றாகப் பதினொரு முறை அடிக்கின்றன. அவசரப்பட்டால் இவ்விடம் வெறும் அமளியாகிவிடும். இப்பதிவில் பதினொன்றையும் விரல்விட்டு எண்ணலாம். நான் எண்ணினேன், எட்டாவது அடியிலேயே நெஞ்சில் ஓர் அச்சம் வந்து குந்திவிட்டது. உயிரற்ற வாசிப்பு அதைச் செய்யுமா?

இறுதிப் பலி நடனத்தைப் பற்றி மட்டும் அவர் சொல்வதில் நியாயமுண்டு. ஸ்ட்ராவின்ஸ்கி தாமே நெறியாண்ட 1960ஆம் ஆண்டுப் பதிவிலுள்ள கரடுமுரடு எனக்கும் அங்கே தேவைப்படுகிறது. பூலேஸ் அவ்விடத்தில் சற்று அதிகமாகவே துலக்கிவிட்டார்.

கைத்தொலைபேசியிற் கேட்டதாக மதிப்புரையாளரே குறிப்பிட்டிருக்கிறார். அதன் சிறு ஒலிபெருக்கியாற் பெருமுரசின் தாழ்ந்த அதிர்வைத் தர இயலாது. இரண்டாம் பாகத்தின் மெல்லிய தொடக்கமோ அறையின் இரைச்சலில் கரைந்துபோகும். நானும் முதன்முறை அப்படித்தான் கேட்டு, சலிப்புற்று, பாதியில் நிறுத்தினேன். பின்னர் நல்லதொரு காதணி ஒலிபெருக்கியில் (ஹெட்போன்), இரவில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேட்டபோதுதான் தந்திகளுக்கு அடியில் புல்லாங்குழல்கள் செய்வதெல்லாம் தெரிந்தது. மட்டக்களப்பு வெக்கையில் மின்விசிறியை நிறுத்துவது சிறு காரியமன்று என்பதை அறிவேன். ஆயினும், மதிப்புரையாளர் ஒருமுறை அவ்வாறு கேட்டபின் மீண்டும் எழுதுவாராயின், அதையும் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
இசை ஆர்வலர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.