பின்னால் நின்று வாசித்தவர்களின் பெயரையும் போடுங்கள்

இசைச் செயலிகளை நடத்தும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். பிரபல பாடகர் யாராவது இறந்துவிட்டால், அன்று மாலைக்குள்ளேயே அவருக்கு அஞ்சலியாக ஒரு பாட்டுப் பட்டியல் போட்டுவிடுகிறீர்கள். 2025 நவம்பரில் ஜமைக்காவின் ரெக்கே இசைப் பாடகர் ஜிம்மி கிளிஃப் 81 வயதில் மறைந்தபோது, அவர் பெயரைத் தட்டினால் போதும், பாட்டுகள் வரிசையாக வந்து நின்றன. நல்ல காரியம்தான்.

ஆனால் 2024 பிப்ரவரி 3 அன்று மயாமியில் ஆஸ்டன் 'ஃபேமிலி மேன்' பாரெட் இறந்தார். அவர் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைப்பது சொற்பம். இத்தனைக்கும் ரெக்கே பாடகர் பாப் மார்லியின் பாட்டு என்று உலகம் முணுமுணுப்பதில் பெரும்பங்கு அவர் வாசித்த பேஸ் கிட்டார், அதாவது தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிட்டார். (செல்போன் ஸ்பீக்கரில் கேட்டால் அது காதில் விழாது, தயவுசெய்து ஹெட்செட் போட்டுக் கேளுங்கள்.) ஒட்டுப்பலகையையும் திரைச்சீலைக் கம்பியையும் வைத்துத் தன் முதல் பேஸைத் தானே செய்துகொண்ட, ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டன்காரர் அவர். டிரம்ஸில் அவருடைய தம்பி கார்ல்டன். நாலு தட்டுச் சுற்றில் எல்லோரும் அழுத்தி அடிக்கிற முதல் தட்டைக் கார்ல்டன் காலியாக விட்டுவிடுவார்; மூன்றாவது தட்டில்தான் டிரம் விழும். ரெக்கேயில் 'ஒன் டிராப்' என்று சொல்வது இதைத்தான். அண்ணனும் அந்த இடைவெளியை அவசரப்பட்டு நிரப்ப மாட்டார். வாசிக்காமல் விட்ட இடத்திலும் தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். கார்ல்டன் 1987-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்த இருவரும் முதலில் இசைத் தயாரிப்பாளர் லீ 'ஸ்கிராட்ச்' பெர்ரியின் அப்செட்டர்ஸ் குழுவில் இருந்தவர்கள். பெர்ரியும் 2021 ஆகஸ்டில் போய்விட்டார். வீட்டுக் கொல்லையில் கட்டிய பிளாக் ஆர்க் ஸ்டுடியோவில், நாலே டிராக் (ஒலியைத் தனித்தனியாகப் பதியும் தடம்) உள்ள ரெக்கார்டரை வைத்துக்கொண்டு அவர் செய்த வித்தையைக் கேட்க வேண்டுமென்றால், பாடகர் மேக்ஸ் ரோமியோவின் 1976 ஆல்பத்தைக் கேட்கலாம். ரோமியோவும் 2025 ஏப்ரலில் மறைந்தார். அந்த ஆல்பத்தைத் திறந்தால் திரையில் பெரிதாகத் தெரிவது ரோமியோவின் பெயர்தான். வாசித்த மற்றவர்களைப் பார்க்கப் பல செயலிகளில் மூன்று புள்ளியைத் தட்டி உள்ளே போக வேண்டும். போனாலும் எல்லோரும் இருப்பார்கள் என்று நிச்சயமில்லை.

இன்னொரு உதாரணம். 1973-இல் பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழு வெளியிட்ட 'கேட்ச் எ ஃபயர்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'கான்க்ரீட் ஜங்கிள்'. அதில் பேஸ் வாசித்தது ஃபேமிலி மேன் அல்ல, அவரிடம் கற்றுக்கொண்ட ராபி ஷேக்ஸ்பியர். நடுவே வரும் கிட்டார், வெய்ன் பெர்கின்ஸ் என்ற அமெரிக்கர் லண்டனில் சேர்த்தது. அன்றைய எல்பி உறையிலும் பெர்கின்ஸ் பெயர் கிடையாது. ஆக, இந்தப் பழக்கம் உங்களோடு தொடங்கியதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சடித்த உறையைத் திருத்த வழியில்லை. உங்கள் திரையைத் திருத்தலாம்.

ராபி 2021 டிசம்பரில் 68 வயதில் இறந்தார். டிரம்ஸ் கலைஞர் ஸ்லை டன்பாரோடு ஜோடி சேர்ந்து பஹாமாஸின் நாசோவில் பாடகி கிரேஸ் ஜோன்ஸுக்கும், 1983-இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுக்கும் வாசித்தவர். ரெக்கே பக்கமே போகாதவர்களும் அவர் வாசிப்பைக் கேட்டிருப்பார்கள், யார் என்று தெரியாமலேயே.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ராயல்டி கேட்டு ஃபேமிலி மேன் லண்டன் உயர் நீதிமன்றம் வரை போனார். 1994-லேயே சமரசத் தொகை வாங்கியாகிவிட்டது என்பது எதிரே வந்த வாதம். 2006-இல் தோற்றார். கையெழுத்துப் போட்ட பிறகு சட்டம் என்ன செய்யும், சரி. ஆனால் இன்னார் வாசித்தார் என்று எழுத எந்த ஒப்பந்தமும் குறுக்கே நிற்கவில்லையே. அதற்கு ஏன் கஞ்சத்தனம்?

நான் கேட்பது இதுதான். பாட்டு ஓடும் திரையிலேயே வாசித்தவர்களின் பெயரைப் போடுங்கள். அந்தப் பெயரைத் தொட்டால் அவர் வாசித்த எல்லாப் பாட்டும் வரட்டும், யாருடைய ஆல்பமாக இருந்தாலும். அப்புறம், விவரம் இல்லாத பழைய பதிவுகளுக்கு ரெக்கார்டு கம்பெனிகள் அனுப்பும் தகவலை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். எழுபதுகளில் கிங்ஸ்டன் ஸ்டுடியோக்களில் வாசித்தவர்களில் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். வயதாகிவிட்டது. யார் எந்தப் பாட்டில் வாசித்தார்கள் என்று இப்போதே ஆள் அனுப்பிக் கேட்டு எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
மாதச் சந்தா கட்டும் ஒரு ரசிகன்