கொப்பியை மட்டும் தாருங்கள்: குன்றுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நிலாவெளிப் பக்கம் போகும்போது வீதியை விட்டு உள்ளே தள்ளி நிற்கும் அந்தச் சிறு குன்றின் உச்சியிலிருந்து, போன மாதம் உங்கள் ஆட்கள் ஒரு பச்சை பிளாஸ்டிக் பெட்டியை எடுத்துப் போனார்கள். அது என்னுடையது. இதை உங்களிடம் சொல்வது நான்காவது தடவை. மூன்று தடவை நேரில் வந்து சொன்னேன். நேரில் சொன்னது கோப்பில் ஏறாது போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். பெட்டி எனக்கு வேண்டாம். உள்ளே இருந்த கொப்பியை மட்டும் திருப்பித் தாருங்கள்.

அது என்ன பெட்டி என்று உங்களுக்குத் தெரியும், மூன்று தடவை விளக்கிவிட்டேன். ஊரும் அறியட்டும் என்று இன்னொரு தடவை சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா, பொதுமக்களுக்கு விட்ட ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்துதான் கொடுத்தது. நூறு மீற்றர் வரை தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய கையோடு, மே 3ஆம் திகதி, ஒரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டுக்குள் வைத்துவிட்டு அதன் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் போட்டார். போய்த் தேடு, கண்டால் உள்ளே இருக்கும் கொப்பியில் பெயரை எழுது. ஜியோகேஷிங் என்பது இவ்வளவுதான். இன்று உலகமெங்கும் முப்பது இலட்சத்துக்கு மேல் இப்படிப் பெட்டிகள் இருக்கின்றன. அதில் ஒன்று நம் குன்றில் இருந்தது.

உயரமென்று பார்த்தால் அது மலையே இல்லை. கச்சான் காற்று எழும்ப முன்னம், காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் அரை மணித்தியாலத்தில் உச்சி. நடுவில் சூரைமுள் ஒரு இடத்தில் சட்டையைப் பிடிக்கும், முசுறு ஒரு இடத்தில் கழுத்தைப் பிடிக்கும். வீரையும் பாலையும் கிளை கோத்து நிற்கும் உச்சியில் சமிக்ஞை தடுமாறும். போனில் அம்பு ஒரு தரம் வலப்பக்கம் போ என்னும், அடுத்த தரம் வந்த வழியே திரும்பு என்னும். போனைப் பொக்கற்றில் போட்டுவிட்டுக் கண்ணால் தேட வேண்டிய இடம் அது. பிளந்த பாறை ஒன்று, அதன் வாயில் மூன்று கல். இரண்டில் பாசி, மூன்றாவதில் பாசி இல்லை. அதைக் கவனித்தவருக்குப் பெட்டி கிடைக்கும். நிமிர்ந்தால் இலைகளுக்கு நடுவே கடலும், தூரத்தில் கோணேசர் மலையும்.

அந்தக் கொப்பியில் ஜேர்மன்காரர் ஒருவர் பாதிப் பக்கம் எழுதியிருந்தார், எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. காலியிலிருந்து வந்த யாரோ சிங்களத்தில் 'லஸ்ஸனய்' (அழகாயிருக்கிறது) என்று ஒரே சொல். கிண்ணியாவிலிருந்து வந்த நான்கு பெடியன்களின் பெயர் ஒரே கையெழுத்தில் இருந்தது. மூன்று பேர் அடிவாரத்தில் ரொட்டி தின்றுகொண்டு நின்றார்கள் என்பது என் சந்தேகம். முதல் பக்கத்தில் என் மகள், அப்போது ஏழு வயது, 'நான் மேல வந்திட்டன்' என்று எழுதி வைத்திருக்கிறாள்.

காட்டுக்குள் ஒளித்த பெட்டி என்றால் இந்த ஊரில் யாருக்கும் நெஞ்சு திக்கென்னும். நானும் இங்கே வளர்ந்தவன்தான், அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அதற்காகவே மூடியில் மூன்று மொழியிலும் விளக்கம் எழுதி, என் தொலைபேசி இலக்கத்தையும் ஒட்டியிருந்தேன். யாரும் அழைக்கவில்லை. எழுத்தில் அனுமதி வாங்காதது என் பிழை. நிலத்துக்குப் பொறுப்பானவரைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் விதியும்கூட. குன்றுக்கு யார் பொறுப்பு என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. பெட்டி போன பிறகுதான் மூன்று அலுவலகங்கள் பொறுப்பென்று வந்தன. கொப்பி எங்கே என்று கேட்டதும் மூன்றும் பொறுப்பில்லை என்றன.

முதல் அலுவலகத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். முறைப்பாட்டை எழுதிய தங்கச்சி, "என்ன பெட்டி அண்ணா?" என்றார். "ஜியோகேஷ்" என்றேன். "கேஷ் எண்டா காசுதானே? எவ்வளவு இருந்தது?" காசில்லை, கொப்பியும் பென்சிலும் என்றேன். தலையாட்டிவிட்டு எழுதினார். இரண்டாவது அலுவலகத்தில் அந்தத் தாளை வாசித்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதில் 'பணப்பெட்டி' என்று இருந்தது. பணம் என்றால் எங்கள் வேலை இல்லை, பொலிஸுக்குப் போங்கள் என்றார். மூன்றாவது இடத்தில், காட்டுக்குள் ஏன் பணத்தை ஒளித்தீர்கள், அது யாருடைய பணம் என்று முக்கால் மணித்தியாலம் என்னைத்தான் விசாரித்தார்கள். மூன்று நாள் லீவு போட்டு, எண்பது பக்கக் கொப்பி ஒன்றைக் கேட்கப் போய், காசு ஒளித்தவன் என்ற பெயரோடு வீடு வந்தேன்.

இப்போது பாதையை முள்ளுக்கம்பியால் அடைத்து, ஒரு பலகையும் நட்டிருக்கிறீர்கள். 'அனுமதியின்றி உள் நுளைவது தடை.' ழகரத்தை உள்ளே விடாமல் ளகரத்தை எந்த அனுமதியில் விட்டீர்களோ தெரியாது. சரி, எழுத்துப் பிழையை விடுவோம். அனுமதியை யாரிடம் எடுப்பது என்று பலகையில் ஒரு வரி இல்லை, ஒரு தொலைபேசி இலக்கம் இல்லை.

அடிவாரத்துக் குப்பை மட்டும் அப்படியே கிடக்கிறது. லஞ்ச் ஷீட், தண்ணீர்ப் போத்தல், பழைய மெத்தை ஒன்று. பெட்டிக்குள் நான் குப்பைப் பைகளும் மடித்து வைத்திருந்தேன். ஏறுகிறவர்கள் ஒன்றை எடுத்து, இறங்கும்போது அதை நிரப்பிக்கொண்டு போவார்கள். இந்த விளையாட்டுக்காரர்களின் பழக்கம் அது. பையை எடுத்துக்கொண்டு குப்பையை விட்டுப் போன துப்புரவுப் பணி இலங்கையிலேயே இதுவாகத்தான் இருக்கும். பின்பக்கத்தால் இன்னும் டிராக்டரில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அங்கே கம்பி இல்லை. ளகரப் பலகையும் இல்லை. இதற்கெல்லாம் யாராவது...

மன்னிக்க வேண்டும், கேட்க வந்தது அதுவல்ல. மரத்துக்காகவோ மிருகங்களுக்காகவோ குன்றை மூட வேண்டுமென்றால் மூடுங்கள், காரணத்தைப் பலகையில் எழுதினால் நானே நாலு பேருக்குச் சொல்வேன். மறுபடி அங்கே பெட்டி வைக்க மாட்டேன், கையெழுத்துப் போட்டும் தருகிறேன். தயவுசெய்து கொப்பியைத் தாருங்கள். சிவப்பு மட்டை, மேல் மூலை ஈரத்தில் உப்பியிருக்கும், பொலித்தீன் பைக்குள் இருக்கும். எந்த அலுமாரியில் என்று மட்டும் சொன்னால் போதும், நானே வந்து தேடி எடுத்துக்கொள்கிறேன். தேடுவதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு.

இப்படிக்கு,
பெட்டி வைத்தவன்,
திருகோணமலை.